கல்லுக்கு அந்தப் பக்கம்

1. எஞ்சின் நின்றது

ரெம்பாவ் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலையாட்களைக் கவனிக்கும் மண்டோராக இருக்கிறேன். மறுநடவு வேலையின்போது நடந்ததை, புதிதாக மண்டோர் வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பழைய மரங்களைச் சாய்த்து, கன்று வைக்கும் இடங்களில் குச்சி நட்டு லைனிங் போட்டிருந்தோம். எல்லைக் கால்வாய் ஓரத்து மேட்டில் முனியாண்டி கல் இருக்கிறது. கால்வாயைத் தாண்டினால் பக்கத்துத் தோட்டம். லைனிங் கோடு சரியாகக் கல்லின் மேல் விழுந்தது. எக்ஸ்கவேட்டர் ஓட்டும் பாலன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

"அண்ணே, என்னால ஏலாது. எனக்குப் பிள்ளைங்க இருக்கு. வேற ஆள பாருங்க."

சின்னத் தொரை, அதாவது உதவி மேனேஜர் குமார், நல்ல மனிதர். "கல்ல நம்ம தோட்டத்துக் கோயிலுக்குள்ள கொண்டு போய் வச்சிடலாம் மண்டோர். சிமெண்ட், செங்கல்லு எல்லாம் ஆபீஸ் பார்த்துக்கும்" என்றார். எங்கள் கோயில் தலைவர் ராமையா, சாமியைக் கேட்காமல் முடியாது என்றார். வெள்ளிக்கிழமை பூக் கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒரு குழந்தை எடுத்தது. வெள்ளை வந்தது. சாமி சம்மதம் கொடுத்துவிட்டார் என்று எல்லோருக்கும் நிம்மதி. திங்கட்கிழமை காலை கல்லை எடுப்பது என்று முடிவானது.

2. லோபாக் மாடி வகுப்பு

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் லோபாக்கில் ஒரு கடையின் மாடிக்கு வகுப்புக்குப் போகிறேன். பழைய கிரேக்கர், ரோமர் எப்படி வாழ்ந்தார்கள், எதைப் பாடினார்கள், எதைப் பற்றி வாதாடினார்கள் என்று தமிழில் சொல்லித் தருகிறார்கள். நீலாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கமலா டீச்சர் நடத்துகிறார். மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றப் போன இடத்தில் சுவரொட்டியைப் பார்த்து ஏறிப் போனவன்தான் நான். கடைசி வரிசையில் உட்காருவேன். வாயைத் திறந்ததில்லை.

எனக்கு அந்தப் படிப்பு பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. கிரேக்கர்கள் குடிப்பதற்கு முன் கொஞ்சம் மதுவைச் சாமிக்கென்று தரையில் ஊற்றுவார்கள் என்று டீச்சர் சொன்ன அன்று, முன் வரிசையில் ஒருவர், "நம்ம ஆளுங்க முனியாண்டிக்கு பீர் ஊத்துற மாதிரி லா" என்றார். வகுப்பே சிரித்தது. தூரத்து ஆட்கள் இல்லை இவர்கள் என்று எனக்கு அப்போது தோன்றியது.

கல்லை எடுப்பதற்கு முந்தின ஞாயிறு, மனம் உறுத்தியதால் கையைத் தூக்கினேன். ரோமாபுரியில் இப்படி எல்லையில் கல் உண்டா என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. டீச்சர் இரண்டாம் முறை கேட்க வைத்தார்.

"இருந்துச்சு. அந்தக் கல்லே சாமிதான். வருசத்துல ஒரு நாள் அதுக்குப் படையல்."

ஒரு மாணவி குறுக்கிட்டாள். "டீச்சர், கல்லுக்குக் காது கேக்கும்னு அவங்க உண்மையிலேயே நம்பினாங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. அவங்க என்ன செஞ்சாங்கன்னு பாரு. இந்தப் பக்கத்து நிலத்துக்காரன் இந்தப் பக்கமா வந்து மாலை போடுவான். அந்தப் பக்கத்துக்காரன் அந்தப் பக்கமா மாலை போடுவான். அப்புறம் ரெண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவாங்க. ஒரு கல்லு, ரெண்டு வீட்டுக்கும் சொந்தம்."

எங்கள் கல்லின் பின்பக்கத்தில் காய்ந்த மாலையும் சூடம் எரிந்த கறையும் அடிக்கடி இருக்கும். கால்வாய்க்கு மேல் ஒரு பலகை கிடக்கும். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வந்து போகிறார்கள். முன்பு ஒரு திருவிழாவில் யார் முதலில் தீச்சட்டி தூக்குவது என்று தகராறு வந்து, அதிலிருந்து அவர்களோடு பேச்சு இல்லை. பேச்சு இல்லாததால் அவர்களைக் கேட்க வேண்டும் என்ற நினைப்பே எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

3. பலகையைத் தாண்டி

வகுப்பு முடிந்ததும் மோட்டாரை நேராகப் பக்கத்துத் தோட்டத்துக்கு விட்டேன். அங்கே கோயில் காரியங்களைப் பார்க்கும் ஆறுமுகம் வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். முகம் தெரியும், பேசியதில்லை.

"என்ன மண்டோரே, வழி தவறிட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடினார்.

"நாளைக்கு எடுக்குறீங்க, இன்னைக்குச் சொல்றீங்க. ரொம்ப நல்லாருக்கு லா. என் மவ கல்யாணப் பத்திரிக்க வந்திருக்கு. முதப் பத்திரிக்க முனியாண்டிக்குத்தான் வைப்போம். எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். இனி உங்க கோயில் வாசல்ல வந்து நிக்கணுமா நாங்க?"

"அதான் கேக்க வந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க தலைவரு அனுப்பினாரா?"

"இல்லங்க. நானாத்தான்."

உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

4. திங்கட்கிழமை

காலையில் கல்லடியில் எல்லோரும் தயாராக நின்றார்கள். நான் நிறுத்தச் சொன்னேன். தலைவர் ராமையாவுக்குக் கோபம்.

"வெள்ளைப் பூ வந்தாச்சு. இப்ப போய் நிறுத்துன்னா, சாமி வாக்குமேல நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்."

"வாக்கு நம்ம பக்கத்துக்கு வந்துச்சு தலைவரே. அந்தப் பக்கத்துக்கு நாம கேக்கவே இல்லையே." என்றேன்.

"இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ரோமாபுரி ஆளுங்க இப்படித்தான் செஞ்சாங்களாம்."

பாலன் கேட்டான், "ரோமாபுரியா? அது எந்தத் தோட்டத்து டிவிஷன்ணே?" தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சின்னத் தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மெஷின் வாடகை ஓடுது மண்டோர். இன்னைக்கு வேற பக்கம் வேலை பாருங்க. சாயங்காலத்துக்குள்ள பேசி முடிங்க."

மதியம் நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்; சாயங்காலம் ஆறுமுகம் மனைவியோடும் ஐந்தாறு பேரோடும் பலகையில் நடந்து வந்தார். இரண்டு பக்கமும் நின்றோம். ஆறுமுகத்தின் மனைவி குனிந்து மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கல்லடியில் வைத்துக் கும்பிட்டார். பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, கல்லைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து தலைவரிடம் நீட்டினார்.

"அண்ணே, வீட்டோட வந்திரணும்."

தலைவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு சின்னத் தொரை பக்கம் திரும்பி, "கல்லு இங்கயே இருக்கட்டும் தொரை" என்றார். மறுபடி பூக் கேட்கலாமா என்று ஒருவரும் சொல்லவில்லை.

சின்னத் தொரை மேனேஜருக்குப் போன் போட்டுப் பேசினார். வந்து அவரே கல்லைச் சுற்றியிருந்த குச்சிகளைப் பிடுங்கினார். இன்றும் அந்த இடத்தில் செம்பனை இல்லை, கல்தான் இருக்கிறது.

தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். எல்லையில் மருந்து அடிப்பதோ, கால்வாய் வெட்டுவதோ, எதுவானாலும் முதலில் அந்தப் பக்கம் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். நம் ஆட்கள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள் என்பது பாதி வேலைதான். போகக் கூச்சமாக இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது. போய் நின்றால் போதும், பெரும்பாலும் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.