துரைக்கு எழுதிய மனுவில் ஒரு பழைய சொல்

"ஏளா, நீ எழுதுத இங்கிலீஷப் படிச்சதும் ஒங்கண்ணன் வாயில பல்லு முளைச்சிருமோ?" என்று கேட்டார், துறைமுக ஆபீஸ் வாசலில் கூலிக்கு மனு எழுதும் அண்ணாச்சி. நானே எழுதிக்கொள்கிறேன் என்று சொன்னதில் வந்த எரிச்சல். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். ஆறாம் பாரம் வரை படித்தவள். காகிதத்தை மட்டும் அவரிடம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

யுத்த காலம் அது. அண்ணன் துறைமுகத்தில் பஞ்சுப் பொதி தூக்கிக்கொண்டிருந்தான். முந்தின நாள் மத்தியானம் நான் சோற்றுச் சட்டியோடு போனபோது, பொதி சரிந்து அவன் விரல்கள் நசுங்கியிருந்தன. "கட்டுப் போட்டுட்டு வந்திருதேன்" என்று மேஸ்திரியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மேஸ்திரி பொதி இழுக்கும் இரும்புக் கொக்கியைத் திருப்பிப் பிடித்து அண்ணன் தாடையில் அடித்தான். காய்ந்த பனைமட்டையை மிதித்தது போல ஒரு சத்தம். விழுந்தவன் முதுகில் இன்னொரு அடி, வயிற்றில் உதை. ரத்தத்தோடு இரண்டு பற்கள் வந்து விழுந்தன.

"ஏலே, பொதியில ரத்தம் படுது, நவுத்துங்கலே!" என்று கத்தினான் மேஸ்திரி.

நாலு பேர் ஓடிவந்து பொதியைத்தான் நகர்த்தினார்கள். சோற்றுச் சட்டியை மேஸ்திரி மேல் எறிந்தேன். அவன் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

அன்று சாயங்காலமே, அண்ணன் குடித்துவிட்டுப் பொதி ஏற்றும் பலகையிலிருந்து விழுந்தான் என்று மேஸ்திரி ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். சனிக்கிழமைக்குள் நாங்கள் மறுத்து எழுதாவிட்டால் அண்ணனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடையாது.

பள்ளிக்கூடத்தில் வாசித்த பழைய ஆங்கிலக் கதைகளில் எனக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு: ஸ்மோட். இப்போது யாரும் பேசுவதில்லை. அடித்தான் என்றுதான் பொருள். ஆனால் அந்தப் புத்தகங்களில் சந்தைச் சண்டைக்கெல்லாம் அது வராது. ராஜா பகைவனை அடிக்கும்போது வரும். தேவதூதன் ஒரு படையையே அடிக்கும்போது வரும். ஒரே அடி. அடுத்த வரியில் விழுந்தவன் இருக்க மாட்டான். இத்தனை கனமான சொல்லைக் கண்டால் ஆபீஸ் துரை நிமிர்ந்து உட்காருவார் என்று நினைத்தேன். மனுவில் மூன்று இடத்தில் போட்டேன். திரும்பத் திரும்ப வாசித்துப் பூரித்தேன்.

அண்ணனுக்கு அதைத் தமிழில் சொன்னேன். அந்தச் சொல் வந்த இடத்தில் 'வதம் செய்தார்' என்றேன். வேறெதுவும் அதன் எடைக்கு நிற்கவில்லை.

முகத்தைச் சுற்றிக் கட்டு. பேச்சு குழறியது. "வதமா? திருச்செந்தூர்ல சாமி சூரனைப் பண்ணுமே, அதுவா?"

"அது மாதிரிதான்."

"அப்ப நான் சூரன். அந்தப் பய சாமியாக்கும்." சிரிக்கப் போய் வலியில் முனகினான். "நல்லா எழுதிருக்கே, ஏளா. அவனுக்குத் தேங்காயும் ஒடச்சிரு."

கையை ஓங்கிவிட்டேன். ஏற்கெனவே உடைந்த முகம். இறக்கிக்கொண்டேன்.

அந்தப் பள்ளிக்கூடக் கதைப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அடித்தவனுக்குப் பெயர் இருந்தது, குலம் இருந்தது. அவன் வாளுக்குக்கூடப் பெயர் இருந்தது. அடிபட்டவன் வெறும் பகைவன். ஏன் அடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. யாருடைய பல்லும் எங்கும் விழவில்லை. அந்தச் சொல் எப்போதும் அடித்தவன் பக்கமே நின்றது. அதைத்தான் நான் மேஸ்திரிக்கு மூன்று முறை சூட்டியிருந்தேன்.

மனுவைக் கிழித்தேன். சின்ன வகுப்புப் பிள்ளையும் எழுதும் ஆங்கிலத்தில் மறுபடி எழுதினேன். எந்தக் கை, எந்தக் கொக்கி, எத்தனை அடி, எத்தனை பல். முதலில் பொதியை நகர்த்தினார்கள், பிறகுதான் மனிதனை என்பதையும் எழுதினேன்.

பார்த்த சாட்சி யார் என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதி, வெள்ளிக்கிழமை காலை மேஸ்திரி நின்ற வாசல் வழியாகவே உள்ளே போய், மனுவைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிட்டேன்.