கானாக்காரர்கள் முதுகில் நாங்கள் எழுதியது

ஜெர்சி அச்சடிக்கும் தொழிலில் தவறை மறைக்கவே முடியாது. அது யாரோ ஒருவர் முதுகில் ஏறிக்கொண்டு, ஊரே பார்க்க மைதானம் முழுக்க ஓடும். கவுண்டருக்குப் பின்னால் நின்று "நீங்க அனுப்புன ஸ்பெல்லிங்தான் சார் இது" என்று ஒருமுறையாவது கெஞ்சியவர்களுக்கு என் பாடு புரியும்.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு பழைய கடைத்தொகுதியின் மாடியில் எங்கள் கடை. முதலாளி ஹமீது அண்ணன். டிசைன், அச்சு, வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது எல்லாம் ஸ்டெல்லாவாகிய நான். கபடி, வாலிபால், சர்ச் விளையாட்டு விழா என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் பிழைப்புக்குள் அமெரிக்கன் ஃபுட்பால் நுழைந்தது, அதுவும் ஆப்பிரிக்கா வழியாக.

உதைக்காத பந்து

கோஃபி ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் இன்ஜினியர். கதவில் தலை இடிக்காமல் குனிந்துதான் உள்ளே வந்தார். "நான் கானா" என்றார். "பாட்டா?" என்றார் ஹமீது அண்ணன். "இல்லண்ணே, நாடு!" என்று தமிழிலேயே பதில் வந்தது. பட்டறையில் கூட வேலை பார்க்கும் புதுக்கோட்டைக்காரர்கள் கற்றுக்கொடுத்த தமிழ். பேச்சு ஆங்கிலத்தில்தான் ஓடும். ஆனால் கெஞ்சவும் கிண்டல் பண்ணவும் தமிழுக்கு வந்துவிடுவார்.

அவர் ஊர் அக்ராவில் நண்பர்கள் சிலர் ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு கடற்கரையில் ஆரம்பித்த ஆட்டமாம். இப்போது பல்கலைக்கழகங்களில்கூட அணி இருக்கிறதாம். அந்த நண்பர்களின் ஆண்கள், பெண்கள் அணிகளுக்கு ஜெர்சி வேண்டும். ஆட்டம் எப்படி என்று கேட்டேன். வெட்டி மிச்சமாகக் கிடந்த எண் ஸ்டிக்கர்களைக் கண்ணாடி மேசையில் இரண்டு வரிசையாக அடுக்கினார். எட்டாம் எண் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியது. மூன்றும் ஐந்தும் அதன் மேல் விழுந்து அமுக்கின. எழுந்தார்கள், மறுபடி வரிசையாக நின்றார்கள், மறுபடி விழுந்தார்கள். ஹமீது அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு கடைசிவரை பார்த்தார். "கால்ல உதைக்கிறதே அபூர்வம், அதுக்குப் பேரு ஃபுட்பாலா? நம்ம கபடிக்கு ஹெல்மெட் மாட்டி விட்டுருக்காங்க, அவ்வளவுதான் லா!"

அளவு பார்த்த கதை

இந்த ஆட்டக்காரர்கள் சட்டைக்குள்ளே தோள்கவசம் போடுவார்கள். பலகை மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் சாமான். அதற்கு மேல் சட்டை சரியாக உட்கார வேண்டும் என்பதால் கோஃபி ஒரு கவசத்தைக் கடையில் விட்டுப்போனார். யார் மேல் மாட்டிப் பார்ப்பது? நான் மாட்டியபோது தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஹமீது அண்ணன் மாட்டினார். மேலே மாதிரிச் சட்டையையும் இழுத்துவிட்டேன். கன கச்சிதம். கழற்றத்தான் முடியவில்லை.

கவுண்டர் இடுக்கு வழியாக வெளியே வரப் பார்த்தார். தோள் இரண்டு பக்கமும் இடித்து நின்றது. பக்கவாட்டில் திரும்பினார், இன்னும் மோசமாக மாட்டிக்கொண்டார். நான் பின்னால் நின்று சட்டையை இழுக்கிறேன், சிரிப்பில் கையில் பலமே இல்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பங்குச் சாமியார் திருவிழா டி-சர்ட் வாங்க உள்ளே வந்தார். ஹமீது அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்: "ஹமீது, ஜிம்முக்குப் போறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

எல்லாரும் கோஃபி

ஆண்கள் அணியின் பெயர்களை ஒவ்வொன்றாக டைப் அடித்தபோது எனக்கு வியர்த்தது. கோஃபி, குவாமே, கோஃபி, குவேசி, கோஃபி, குவாமே. யாரோ காப்பி-பேஸ்ட் பண்ணிச் சொதப்பியிருக்கிறார்கள் என்று நினைத்து உடனே போன் போட்டேன். கோஃபி சிரித்த சிரிப்பில் பின்னால் ஓடிய வெல்டிங் சத்தமே கேட்கவில்லை. அவர்கள் பக்கத்தில் பிறந்த கிழமைக்கு ஒரு பெயர் உண்டாம். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை என்றால் குவாமே.

அன்று கடையில் வேலையே நடக்கவில்லை. வருகிற வாடிக்கையாளர் எல்லாருக்கும் போனில் கிழமை தேடினோம். நான் ஞாயிறு, அதனால் அகோசுவா. ஹமீது அண்ணன் செவ்வாய், குவாபெனா. தன் பெயரை ஒரு பழைய பனியனில் அச்சடித்து மாட்டிக்கொண்டுதான் அடங்கினார். சாயங்காலம் வந்த கோஃபியிடம், ஒரே அணியில் இத்தனை கோஃபி இருந்தால் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "கோஃபி, ஓடுன்னு கத்துவோம் அக்கா. மூணு பேர் ஓடுவான். எதிரிக்கு யாரைப் பிடிக்கிறதுன்னு தெரியாது. அதுதான் எங்க டெக்னிக்!"

இடுப்பில் வால்

அடுத்தது பெண்கள் அணி. அவர்கள் ஆடுவது ஆளை அமுக்காத வகை. இடுப்பில் பெல்ட் கட்டி இரண்டு பக்கமும் நாடா தொங்கவிடுவார்கள். பந்தோடு ஓடுபவரின் நாடாவை உருவிவிட்டால் ஆள் பிடிபட்ட கணக்கு. கோஃபியின் தங்கை அபேனாதான் கேப்டன். கையில் கிடைத்த கந்தல் துணியைக் கட்டிக்கொண்டு பழகுகிறார்கள், பார்க்கிறவர்கள் "வால் முளைச்ச பொண்ணுங்க" என்று கேலி செய்கிறார்கள் என்று அவள் வீடியோ காலில் ஆங்கிலத்தில் சொன்னபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. எதிர்க்கடையில் பிளவுஸ் தைக்கும் பத்மா அக்காவைப் பிடித்தேன். இழுத்தால் உடனே வர வேண்டும், இழுக்காவிட்டால் விழக்கூடாது. வெல்க்ரோ ஒட்டுநாடா வைத்து ஒரே நாளில் தைத்துக் கொடுத்தார்.

சோதிக்க வேண்டாமா? மாடி வராந்தாவில் பத்மா அக்கா ஒரு நூல்கண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட, நான் துரத்தினேன். ஐம்பது வயதில் அந்த அம்மா வளைந்து ஓடியதைப் பார்த்திருந்தால் அபேனாவே அணியில் சேர்த்திருப்பாள். செக்யூரிட்டி ராமசாமி அண்ணன் விசில் ஊதிக்கொண்டே வந்து, இங்கே ஓடக்கூடாது, கேமராவில் தெரிகிறது என்று கத்தினார். விஷயத்தைச் சொன்னேன். படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "சரி, அந்த வாலை எனக்கு ஒண்ணு கட்டி விடுங்க. யாரு பிடிக்கிறீங்கன்னு பார்ப்போம்!"

இதே மாதிரி

பெண்கள் அணிக்கு முதல் முறையாக ஒழுங்கான மைதானத்தில், ஆட்கள் பார்க்க, ஓர் ஆட்டம். எதிரணி குமாசி நகரம். கோஃபி லீவில் ஊருக்குப் போகும்போது சட்டைகளைக் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு. முதலில் மாதிரி ஒன்று அனுப்பினேன். பெரும்பாலும் தமிழ் ஆட்களுக்கே வேலை செய்வதால், பெயர் வரும் இடத்தில் எப்போதும் 'பெயர்' என்று தமிழில் போட்டுவைப்பது என் வழக்கம். மறுநாள் என் மகளின் முதல் நன்மை விழா, நான் லீவு. நான் சர்ச்சில் இருந்தபோது கோஃபியின் பதில் கடை போனுக்கு வந்திருக்கிறது: பிரமாதம், எல்லாச் சட்டைக்கும் இதே மாதிரி. ஹமீது அண்ணன் எண்ணை மட்டும் மாற்றி மாற்றி, அத்தனை முதுகிலும் 'பெயர்' என்று அச்சடித்துப் பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டார்.

நான் திரும்பி வந்து, அச்சடித்த கோப்பைக் கணினியில் பார்த்தபோது கோஃபி விமானத்தில் இருந்தார். திரையை ஹமீது அண்ணன் பக்கம் திருப்பினேன். "எல்லாத்துக்கும் இதே மாதிரின்னுதானே எழுதியிருக்காரு?" என்றார் ஹமீது அண்ணன் பரிதாபமாக. அவரையும் குறை சொல்ல முடியாது. கோஃபிக்குத் தமிழ் பேசத்தான் தெரியும். அழகுக்குத் தமிழ் எழுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

ஆட்டத்துக்கு முன்பு அபேனா வீடியோவில் அழைத்தாள். பின்னால் வரிசையாகப் பெண்கள், எல்லார் முதுகிலும் 'பெயர்', 'பெயர்', 'பெயர்'. "ரொம்ப அழகா இருக்கு! இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். 'வீரம்', 'வெற்றி' என்று ஏதாவது சொல்லிவிடு என ஹமீது அண்ணன் பக்கத்தில் நின்று கையைக் காலை ஆட்டினார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அபேனா திரும்பி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அத்தனை பேரும் ஒருவர் முதுகை ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் மறுபடி திரையைப் பார்த்தாள்: "சரியாத்தான் இருக்கு அக்கா. எங்களை வால்னு கூப்பிட்டாங்க இல்ல? இன்னைக்குத்தான் பேரு வாங்கப் போறோம்."

ஆட்டத்தைக் கோஃபி போனில் காட்டினார். பத்மா அக்கா, ராமசாமி அண்ணன், நாங்கள் இருவர், நான்கு தலையும் ஒரே திரைமேல். கடைசி நிமிடம் வரை சமநிலை. அபேனா எறிந்த பந்தை மெலிந்த பெண் ஒருத்தி எம்பிப் பிடித்து ஓடினாள். குமாசிப் பெண் பாய்ந்து நாடாவுக்குக் கை நீட்ட, விரலுக்கு எட்டாமல் நழுவியது. கோட்டைத் தாண்டிவிட்டாள்! கூட்டம் "பேயா! பேயா!" என்று கத்தியது. அபேனாவின் பெண்கள் சொல்லிக்கொடுத்த 'பெயர்' என்ற சொல்லைத்தான் அப்படிக் கத்துகிறார்கள் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பத்மா அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ராமசாமி அண்ணன் வராந்தாவில் நின்று மூச்சு வாங்கும்வரை விசில் ஊதினார்.

இரண்டு நாள் கழித்து முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. அனுப்பியவள் தோற்றுப்போன குமாசி அணியின் கேப்டன்: "எங்களுக்கும் அதே எழுத்தில் சட்டை வேண்டும். அவர்களுடையதைவிடப் பெரிதாக."

ஒரு விளையாட்டு ஒரு நாட்டில் வேர் பிடித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நிபுணர்களைக் கேட்க வேண்டியதே இல்லை, எதிரணிச் சட்டையைப் பார்த்து வயிறு எரிய ஆரம்பித்துவிட்டார்களா என்று ஜெர்சிக் கடையில் விசாரித்தால் போதும்.