வாசலோரப் பீப்பாய்கள்

சௌந்தரவல்லி விஸ்கி குடிக்கிறவள் அல்ல. முகர்வாள், நாக்கில் வைத்துப் பார்ப்பாள், துப்பிவிடுவாள். கோவில்பட்டியிலிருந்து, பிரெஞ்சு பேசும் ஒரு குளிர்தேச நகரத்துக்கு உணவு அறிவியல் படிக்க வந்தவள், அதன் ஓரத்திலுள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பட்டம் வாங்கியதும் தொழிற்சாலைகள் நிறைந்த சென்ட் லோரன்டில் ஒரு சின்ன விஸ்கி வடிசாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். விமான உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பின்புறம், பழைய கிடங்கு. முதலாளி மத்தியூ, இவள், பாட்டில் அடைக்க இன்னும் இரண்டு பேர்.

மூன்று வருடம் மரப்பீப்பாயில் கிடந்தால்தான் அதற்கு விஸ்கி என்று பெயர் போடலாம். அதுவரை, வடித்ததும் விற்கக்கூடிய ஜின்னை விற்றுக் காலம் தள்ளினார்கள். காத்திருப்பது சௌந்தரவல்லிக்கு ஒத்துவரவில்லை. தினமும் ஏதாவது ஒரு பீப்பாயின் அடைப்பைக் கழற்றி, கண்ணாடிக் குழாயை விட்டு உறிஞ்சிப் பார்ப்பாள். கணவன் ஆவுடையப்பன் ஐ.டி.யில் இருப்பவன். ஆர்டர் போட்ட பார்சல் எங்கே வருகிறதென்று ஓயாமல் போனைப் பார்க்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டாய் என்று கிண்டல் செய்வான்.

முதலில் அடைத்த விஸ்கி நன்றாக வந்தது. வறுத்த தானிய மணம், பின்னால் கருப்பட்டி போல லேசான இனிப்பு. கிறிஸ்துமஸுக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. மத்தியூ அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தான்.

இரண்டாவது தொகுதி அப்படி இல்லை. அதே தானியம், அதே கொதிகலன், வடித்ததும் அவளேதான். ஆனால் பீப்பாய்களை வேறு ஆளிடம் வாங்கியிருந்தார்கள். அவை நின்ற இடமும் லாரி வந்து சரக்கு ஏற்றுகிற வாசலோரம். குளிர்காலத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று அவற்றின் மேல் அடித்தது. திறந்து பார்த்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, பச்சை மரத்தின் கசப்பு, தொண்டையில் எரிச்சல்.

இன்னும் ஒரு வருடம் விடலாம் என்று மத்தியூவிடம் சொன்னாள். பார்களில் வாரந்தோறும் கேட்கிறார்கள், இப்போது இல்லையென்றால் நம் பெயரையே மறந்துவிடுவார்கள் என்றான் அவன். அவற்றில் பாதி பாட்டிலில் அடைபட்டு, அதே லேபிளோடு, அதே விலைக்கு வெளியே போனது. அந்த வாரம் முழுக்க அவளால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இஸ்திரி போட்ட துணிக்கே மறுபடி இஸ்திரி போட்டாள்.

சனிக்கிழமைகளில் வடிசாலையிலேயே விற்பனை உண்டு. அப்படியொரு சனிக்கிழமை எமிலியானுஸ் வந்தார். மன்னார்க்காரர், அதே நகரத்தில் கோட்-டெ-நெய்ஜில் குடியிருப்பவர், பஸ் ஓட்டுகிறார். பேரன் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய விருந்துக்கு முதல் தொகுதியில் வாங்கிப் போயிருந்தார். இப்போது கையில் பாதி காலியான பாட்டில்.

"தங்கச்சி, போன தரம் வாங்கினதும் இதுவும் ஒண்டுதானோ?"

பக்கத்தில் நின்ற மத்தியூவுக்குத் தமிழ் தெரியாது. அவள் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

"இல்லண்ணே. ரெண்டும் வேற வேற பீப்பா. இது இன்னும் ஒரு வருஷம் கிடந்திருக்கணும்."

"அப்ப ஏன் வித்தனீங்கள்?"

டொரொன்டோவிலிருந்து வந்த தம்பிக்கு ஊற்றிக் கொடுத்ததையும், அவன் முகர்ந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்ததையும் எமிலியானுஸ் மெல்லிய குரலில் சொன்னார். "எங்கட தமிழ்ப் பிள்ளை ஒண்டு செய்யிற விஸ்கி எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்" என்றார்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, தான் சொன்னதை மத்தியூவிடமும் மறைக்காமல் சொன்னாள். அவன் கத்தவில்லை. நீ யாரிடம் வேலை பார்க்கிறாய் என்று மட்டும் கேட்டான்.

அடுத்த வாரமே இரண்டு தெரு தள்ளியிருந்த மருந்துத் தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். ஒரு மாத்திரை மாறினாலும் அந்தத் தொகுதியையே வீசிவிடுவார்கள் என்று அங்கே சொன்னதைக் கேட்க அவளுக்கு ஆறுதலாக இருந்தது. வேலையும் கிடைத்தது. மத்தியூவிடம் சொன்னபோது அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். இதற்கிடையில் பார் ஒன்று வாங்கிய பாட்டில்களைப் பெட்டியோடு திருப்பி அனுப்பியது. பெட்டி வந்த அன்று மாலை மத்தியூ அவளிடம் வந்து, வாசலோரம் மிச்சமிருக்கும் பீப்பாய்களை எப்போது பாட்டிலில் அடைப்பதென்று நீயே முடிவு செய், ஆனால் இங்கேயே இரு என்றான். மருந்துக் கம்பெனி வேலையை வேண்டாமென்றாள்.

பீப்பாய்களை வாசலிலிருந்து உள்ளே தள்ளி வைத்தாள். இனி லேபிளில் பீப்பாய் எண் இருக்க வேண்டும் என்று மத்தியூவை ஒப்புக்கொள்ள வைத்தாள். சில மாதம் கழித்து எமிலியானுஸைக் கூப்பிட்டு, மூன்று பீப்பாயிலிருந்து மூன்று கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள். எது தேறியது, எது தேறவில்லை என்று மனதில் வரிசைப்படுத்தியிருந்தாள்.

அவர் நிதானமாகக் குடித்துப் பார்த்து, அவள் தன் வரிசையில் கடைசியாக வைத்திருந்ததைக் காட்டினார். "இதுதான். இதில ஒரு முரட்டுத்தனம் இருக்கு. மற்றதுகள் இருமலுக்குக் குடிக்கிற பாணி மருந்து மாதிரி."

மரியாதைக்கு ஏதோ ஒன்றைக் காட்டுகிறார் என்று நினைத்து, அவர் பார்க்காத நேரம் கிண்ணங்களை இடம் மாற்றி வைத்துக் கொடுத்தாள். மறுபடியும் அதையே தொட்டார்.

அவர் குறை சொல்லி வந்த நாளைவிட இது அவளை அதிகம் அலைக்கழித்தது. தன் மூக்கை நம்பித்தானே அத்தனை பேசினாள்? மறுநாள் காலை எல்லாவற்றையும் திரும்ப முகர்ந்தாள். அவர் காட்டிய பீப்பாயில், தான் கவனிக்காமல் விட்ட ஒரு மிளகுக் காரம் இருந்தது. இருவருமே தேர்ந்தெடுக்காத மூன்றாவதில் நனைந்த அட்டை வாசனை அப்படியேதான் இருந்தது, அதில் சந்தேகமில்லை. தனக்குப் பிடித்ததையும் அவருக்குப் பிடித்ததையும் தனித்தனி எண்ணோடு அடைத்தாள். இரண்டும் விற்றன. எது நல்லது என்று வாங்கியவர்கள் ஒத்துப்போகவில்லை.

மிச்சப் பீப்பாய்களில் ஒன்று வசந்தத்துக்குள் அருமையாகத் தேறிவிட்டது. இன்னொன்றில் மரச்சுவை அதிகம் ஏறி, பென்சிலைக் கடித்தது போல ஆகிவிட்டது. எது எப்படி ஆகும் என்று முன்னால் கேட்டிருந்தால் அவள் தலைகீழாகத்தான் சொல்லியிருப்பாள். அட்டை வாசனைப் பீப்பாய் எப்போது என்று மத்தியூ திங்கள்தோறும் கேட்கிறான். இன்னும் இல்லை என்கிறாள். அவன் போனதும், கை கழுவிக்கொண்டு அடைப்பைக் கழற்றப் போகிறாள்.