மேரி வேகவைத்த கல்

கையில் ஒரு செங்கல் நிறக் கல் கிடைத்துவிட்டால் சந்தனமேரி அதை முதலில் இரண்டு முறை தூக்கிப்போட்டுப் பிடிப்பார். கனம் மனதுக்குப் பிடித்தால், சேலைக்கு மேல் போட்டிருக்கும் முழுக்கைச் சட்டையில் துடைத்து நாக்கு நுனியில் வைப்பார். நாக்கோடு ஒட்டினால் களிமண் அதிகம். எச்சிலோடு கல்லையும் எறிந்துவிடுவார். ஒட்டாமல் வழுக்கினால் சாக்குக்குள் போடுவார்.

எதிர் டீக்கடைப் பெரியகருப்பன் இதைப் பார்த்துவிட்டால் சும்மா இருப்பதில்லை. "என்ன மேரி, உப்பு ஒறப்பு சரியா இருக்கா?"

"ஒங்க வடைக்கு இது தேவலண்ணே."

ஆவூரிலிருந்து விராலிமலை போகும் சாலையில் அவருடைய வெல்டிங் பட்டறை இருக்கிறது. வயது நாற்பத்தாறு. வேறொருவர் பட்டறையில் கம்பி தூக்கிக் கொடுக்கும் கூலி வேலைக்குப் போய், பார்த்தே தொழிலைக் கற்றவர். கேட்டுக்கு அளவெடுக்கப் போகும் வீட்டில், "ஆம்பளை யாரும் வரலையா?" என்று கேட்டால், "டேப்போட அந்த முனையப் புடிக்கத்தான் நீங்க இருக்கீங்களே" என்பார். பற்ற வைத்த இடத்தை மூன்று முறை தட்டிப் பார்க்காமல் எதையும் வண்டியில் ஏற்ற மாட்டார்.

அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் செம்பாறை மேடு அவர் பெயரிலும் அண்ணன் பங்கிராஸ் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. பங்கிராஸ் திருச்சியில் பள்ளி ஆசிரியர். மேட்டில் கடலைகூட முளைக்காது. கிராவல் அள்ளுகிற ஒருவர் விலைக்குக் கேட்டு, பத்திர நகலையும் அடித்துக் கொடுத்துவிட்டார். அதில் 'யாதொரு பயனுமற்ற கல்லாங்காடு' என்று ஒரு வரி. விற்கத் தயாராக இருந்த பங்கிராஸ் கையெழுத்துக்கு நீட்டியபோது, சந்தனமேரி அந்த வரியிலேயே நின்றுவிட்டார்.

"ஒண்ணுமில்லாத எடத்துக்கு அவரு எதுக்குண்ணே லாரியோட வாராரு? இது இரும்புக்கல்லு."

மழை அரித்த சரிவில் கறுத்துப் பளபளக்கும் கட்டிகளை அவர் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறார். கொல்லுப் பட்டறைக் கசடு போலவே இருக்கும். யாரோ எப்போதோ அங்கே இரும்பு எடுத்திருக்கிறார்கள் என்பது அவருடைய கட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோவில் வாசலில் பத்துப் பேர் முன்னால் பங்கிராஸ் கேட்டுவிட்டார்: "இருந்தா எடுத்துக் காட்டேன்!"

"ஈஸ்டருக்குள்ள எடுக்கலைன்னா நீ சொல்ற எடத்துல கையெழுத்துப் போடுறேன். எடுத்துட்டா இந்தப் பேச்சோட என் வாசலுக்கு வரக் கூடாது."

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் கல் எவ்வளவு கல்நெஞ்சுக்காரன் என்று தெரிந்தது. முதல் உலையை வெறும் கண்மாய்க் களிமண்ணில் இடுப்புயரத்துக்குக் கட்டினார். சூடேறியதும் மேலிருந்து கீழாகப் பிளந்தது. மணலும் உமியும் சேர்த்துக் குழைத்தது நின்றது. பச்சைக் கல்லைப் போட்டால் உள்ளிருக்கும் ஈரம் பட்டாசாக வெடித்தது. அதனால் விறகில் வறுத்து, நெல்லிக்காய் அளவுக்கு உடைத்துப் போடப் பழகினார்.

நான்காம் முறை உலையின் அடித்துளையிலிருந்து சிவப்புக் குழம்பு ஓடி வந்தது. மணல் அச்சில் பிடித்து, தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். மறுநாள் சுத்தியலால் தட்டினார். கண்ணாடி மாதிரி நொறுங்கியது. ஓடி வந்தது கழிவு. இந்த உலையின் சூட்டில் இரும்பு உருகாது. அது பஞ்சுக் கட்டியாக உள்ளேயே குந்தியிருக்கும் என்பதும், அதை உலையோடு சேர்த்து மண்ணில் புதைத்துவிட்டோம் என்பதும் பிறகே புரிந்தது. மிட்டாய் தின்றவர்கள் இன்னும் விசாரிக்கிறார்கள்.

உலைக்குள் ஊதும் காற்றைக் குறைத்தால் எல்லாம் கசடாகிறது. கூட்டினால் இரும்பு கரியைக் குடித்து, அடித்ததும் சில்லாகிறது. ஊதுகுழாய் வாயில் ஒரு தகரத்துண்டை வைத்து, அதை விரல்கடை விரல்கடையாக நகர்த்தியே ஆறாவது, ஏழாவது, எட்டாவது முறைகள் போயின.

சீமைக்கருவேலங்கரி கொண்டுவருகிற வீரய்யாவுக்கே பொறுக்கவில்லை. "தங்கச்சி, இந்தக் கரிக் காசுக்கு நல்ல கம்பியா வாங்கிறலாமே?"

"கம்பி வாங்க எனக்குத் தெரியாதாண்ணே? கல்லுக்குள்ள இருக்க மணலு சும்மா வெளிய போகாது. பாதி இரும்பக் கூலியா வாங்கிட்டுத்தான் போகும். மிச்சம் ஒரு கை கெடைச்சாலும் அது எங்க மேட்டு இரும்பு."

ஒன்பதாவது உலை ஈஸ்டருக்கு எட்டு நாள் முன்பு, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். பட்டறையின் பின்புறம் காலை ஆறு மணிக்கே பற்றவைத்தார். பத்து மணிக்குப் பங்கிராஸ் கக்கத்தில் ஃபைலோடு வந்து நிழல் பார்த்து நின்றார். சந்தனமேரியும் வீரய்யாவும் ஒரு கூடை கரி, ஒரு கூடை கல் என்று மாறி மாறிப் போட்டார்கள். உச்சிவேளையில் அடித்துளையில் குழம்பு எட்டிப் பார்த்தது.

"வந்துருச்சு மேரி!" ஃபைலைக்கூட மறந்து செல்போனை எடுத்துவிட்டார் பங்கிராஸ்.

வீரய்யா சிரித்தார். "சார், அது சாக்கடை. இங்கிட்டு வாங்க, கால் வெந்துரும்."

மூன்று மணிக்கு உலையின் பக்கச்சுவரை உடைத்து, நெருப்பாக இருந்த ஒரு கட்டியைக் குறடால் இழுத்துப்போட்டார்கள். சந்தனமேரி சுத்தியலை ஓங்கவில்லை, மெல்லத் தட்டினார். தட்டத் தட்ட விளிம்புகள் உதிர்ந்தன. பலாப்பழம்போல் இருந்த கட்டி தேங்காயாகி, மாங்காயானது. சுற்றிலும் கறுப்புத் தூள். இன்னும் பத்துத் தட்டில் ஒன்றுமே மிஞ்சாதோ?

"போதும் மேரி. ஒன்னால முடிஞ்சதச் செஞ்சுட்ட." பங்கிராஸ் குரலில் கேலி இல்லை. அதுதான் தங்கையை அதிகம் சுட்டது. அண்ணன் ஃபைலைத் திறந்து பேனாவின் மூடியையும் கழற்றிவிட்டார்.

சந்தனமேரி தட்டுவதை நிறுத்தவில்லை. எலுமிச்சை அளவில் உதிர்வது நின்றது. பிறகு சத்தமும் கணீரென்று மாறியது. வாளித் தண்ணீரில் போட்டு எடுத்தார். வீரய்யா பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நீட்டினார். கட்டி தாவி ஒட்டியது.

"வறுத்த கல்லுந்தான் ஒட்டும்னு நீயே சொன்னியே" என்றார் பங்கிராஸ்.

"வாஸ்தவந்தான். அது சாட்சி ஆகாது."

கட்டியைப் பட்டறைக்குள் கொண்டுபோய் வைஸில் இறுக்கினார். கண்ணாடியை மாட்டி, கிரைண்டரின் தேய்ப்பு வீலை ஓடவிட்டுக் கட்டியின் ஓரத்தில் வைத்தார். முதலில் வெறும் புழுதிதான் பறந்தது. மேல்தோல் கரைந்ததும் மஞ்சள் பொறி ஒன்று நீளமாகக் கிளம்பி, அடுத்த நொடி கொத்துக்கொத்தாகச் சுவர்வரை பாய்ந்தது. பதினைந்து வருடமாக அவர் இரும்பில் தினமும் பார்க்கிற பொறி. கல்லிலிருந்து அது ஒருநாளும் வந்ததில்லை.

"வீலுல இருந்து வருதோ என்னமோ" என்றார் பங்கிராஸ்.

சந்தனமேரி கிரைண்டரை நிறுத்தினார். பேனாவை அண்ணன் கையிலிருந்து உருவி அவர் சட்டைப் பையிலேயே செருகினார். தன் கண்ணாடியைக் கழற்றி அவர் முகத்தில் மாட்டி, நாடாவைப் பின்னந்தலையில் சரிசெய்தார். பிறகு கிரைண்டரைத் தூக்கி அவருடைய இரண்டு கைகளிலும் வைத்தார்.

"அழுத்திப் புடிண்ணே."