கன்னட நோட்டின் கடைசிப் பக்கம்

பெங்களூரில், பொம்மனஹள்ளியில் நாங்கள் இருந்த வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுப் பெண்தான் எனக்கு ஒரே தோழி, ஒரே எதிரியும் அவள்தான். என் அம்மா எதற்கெடுத்தாலும் 'சும்மா' என்பதைக் கேட்டுவிட்டு, "அது எங்க கன்னடத்து 'சும்னே' கணே, உங்களுது இல்ல" என்று ஒரு நாள் சொல்லிவிட்டாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் சொல்லுக்கு ஐந்து அர்த்தமாவது காட்டினால் அவளுடைய பிளாஸ்டிக் பொம்மை எனக்கு என்று பந்தயம். அன்றிலிருந்து கன்னட நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் சும்மாக்களை எழுதத் தொடங்கினேன். நாலாம் வகுப்பில் எனக்கு அதைவிட முக்கியமான வேலை இருக்கவில்லை.

அப்போது அம்மாவுக்கு ஏழு மாதம். கார்மெண்ட்ஸில் தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். எடை போட்டு விற்கும் துண்டுத் துணிகளை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளங்கை அகலத்துக்குச் சட்டைகள் தைப்பாள். பித்தான் குத்தும் என்று எல்லாவற்றுக்கும் நாடா. "இத்தனை எதுக்கு?" என்று அப்பா கேட்டால், "சும்மா, ஒரு ஆசைதான்" என்பாள். சும்மா என்றால் சந்தோஷம் என்று எழுதிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை வேலை செய்யும் இடத்திலிருந்தே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்து ஆட்டோவிலிருந்து இறங்கினாள். வயிறு இல்லை, கையில் குழந்தையும் இல்லை.

"பாப்பா எங்கம்மா?" என்று வாசலிலேயே கேட்டேன்.

"ஏய், சும்மா இரு" என்றார் அப்பா.

சும்மா என்றால் பேசாதே. அதையும் எழுதினேன். இப்போது நினைத்தால் அந்தப் பென்சிலை உடைத்துப் போடத் தோன்றுகிறது.

பாப்பா சாமிகிட்ட போயிடுச்சு என்று சித்தி சொன்னாள். எனக்குச் சாமிமேல் கோபம் வந்தது. இரண்டு நாளில் அது போயும்விட்டது. அம்மாவோ பகல் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். என்ன பண்றே என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன்." வேலை எதுவும் இல்லை என்று எழுதினேன். அந்த வாரத்திலேயே ஐந்தும் சேர்ந்துவிட்டது. தோழி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பொம்மையைக் கொடுத்தாள். மொட்டைத் தலை, உடம்பில் ஒட்டுத் துணி கிடையாது.

நான் நேராக அம்மாவிடம் போனேன். "பீரோவுல அந்தச் சட்டையெல்லாம் சும்மாதானேம்மா கிடக்குது? பொம்மைக்குப் போடட்டா?"

அப்பா கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். அம்மா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, தானே போய் பீரோவைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்து மஞ்சள் சட்டை ஒன்றை எடுத்தாள். பொம்மையை மடியில் கிடத்தி, கைகளை ஒவ்வொன்றாக நுழைத்து, நாடாவை இறுகாமல் முடிந்தாள். பிறகு பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி, அதன் பின்தலைக்கு உள்ளங்கையை அண்டக்கொடுத்துத் தூக்கினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொம்மைக்குத் தலையெல்லாம் நல்லா நிக்கும்மா. எதுக்குப் பிடிச்சிக்கிறே?"

"சும்மா" என்றாள். கையை எடுக்கவில்லை.

அதை நான் எழுதவில்லை. பந்தயம்தான் முடிந்துவிட்டதே. அவள் கையிலிருந்து பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு விளையாட ஓடினேன்.