அண்ணன் குரல் இருந்த பெட்டி

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் யாரும் இல்லை. ‘பெட்டிக்காரி’ என்றால்தான் தெரியும். செட்டாப் பாக்ஸ்களைப் பழுது பார்த்தே வயிற்றைக் கழுவியவள். கல்யாணப் பேச்சை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டே நாற்பதைத் தாண்டியவள். யார் அழுதுகொண்டு வந்து நின்றாலும் பதறாமல் வேலையை முடிப்பவள்.

அன்று அந்த நிதானம் இல்லை. மேசைமேல் இருந்தது செத்துப்போன அண்ணனின் பெட்டி. எதிரே நின்றவள், அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாத அண்ணி.

“கம்பெனி பேரு வருது, அணைஞ்சிடுது. வேற ஒண்ணுமே வரல” என்றாள் அண்ணி. “அவரு டிவியில பேசினது இதுலதான் பதிவாகி இருக்கு. வயித்துல இருக்கும்போதே அப்பனைப் பறிகொடுத்தவ என் பொண்ணு. ஒரு தடவையாவது அவர் குரலைக் கேக்கட்டுமே.”

வெல்டரான அண்ணன் உள்ளூர் சேனலில் தொழிலாளர் நிகழ்ச்சி ஒன்றில் பேசியிருந்தான். விபத்தில் அவனோடு அவன் செல்போனும் நொறுங்கிப் போனது. அந்தக் குரல் வேறெங்கும் இல்லை.

பெட்டியின் சாஃப்ட்வேர்தான் கெட்டிருந்தது. பென் டிரைவில் வேறொரு சாஃப்ட்வேரை ஏற்றி, அதை வைத்தே பெட்டியை ஓட்டிவிட்டால் உள்ளே ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பதிவுகளைத் திறந்துவிடலாம். ஊரார் பெட்டி என்றால் முதலில் டிஸ்கை நகலெடுத்துக்கொண்டுதான் தொடுவாள். அதற்கு அரை நாள் ஆகும். அவ்வளவு நேரம் அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. நேரே பென் டிரைவைச் செருகினாள்.

திரை வெளிச்சமானது. ஒரு கேள்வி வந்தது: ‘புது டிஸ்க். எல்லாவற்றையும் அழித்துத் தயார் செய்யவா?’ ‘ஆம்’ என்பது மஞ்சளாக மின்னியது. கீழே நொடிகள் குறைந்துகொண்டே வந்தன; தீர்ந்தால் தானே அழித்துவிடும்.

அண்ணி கொண்டுவந்திருந்த ரிமோட்டில் கீழ் அம்புக்குறியை அழுத்தினாள். மஞ்சள் நகரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். நகரவே இல்லை.

“என்னடி கேக்குது?”

“அழிக்கவான்னு கேக்குது.”

“வேணாம்னு சொல்லு!”

“சொல்லிக்கிட்டுதான் இருக்கேன் அண்ணி! உங்க வீட்டு ரிமோட்டாச்சே, என் பேச்சைக் கேட்டாத்தானே!”

“பாவி! அவரை ரெண்டாவது தடவையும் சாக விட்டுடாதடி!”

மேசைக்கடியில் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. தப்பித்ததா, அழிந்ததா? கண்களைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து வேறு ரிமோட்டை எடுத்தாள். பிளக்கைச் செருகும்போது அண்ணி அவள் தோளை இறுகப் பிடித்திருந்தாள்.

அதே கேள்வி. இம்முறை மஞ்சள் கீழே இறங்கியது. ‘இல்லை.’

பதிவுகளின் வரிசை வந்தது. கடைசியில் அந்த நிகழ்ச்சி. திறந்தாள். படம் கட்டம் கட்டமாகச் சிதறி ஓடியது. முகம் தெரியவே இல்லை. ஆனால் குரல் வந்தது, பிசிறில்லாமல், சிரிப்போடு:

“எந்த இரும்பையும் ஒட்டிடுவேன் சார். என் பொண்டாட்டியையும் தங்கச்சியையும்தான் ஒட்ட முடியல. ரெண்டும் ஒரே ஜாதி வீம்பு.”

பெட்டிக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி திரையைப் பார்த்துச் சீறினாள்.

“ஊருக்கே தண்டோரா போட்டிருக்காரு பாரு! அன்னிக்கு இதைக் கேட்டிருந்தா சோறே போட்டிருக்க மாட்டேன்!” சொல்லும்போதே குரல் உடைந்தது. அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“இதை எடுத்துக்கிட்டு நீயே வீட்டுக்கு வா. பொண்ணுக்கு அத்தை கையால போட்டுக் காட்டு” என்றாள் அண்ணி.

“வந்தா காபி கிடைக்குமா அண்ணி?”

“கிடைக்கும். சர்க்கரைக்கு நான் பொறுப்பில்ல.”