ஜன்னலோரத் துண்டு

இன்று காலை திருவள்ளூரில் ரயில் ஏறியதும் முனுசாமி ஜன்னலோரத்தில் துண்டு போட்டான். எனக்குத்தான் என்று போய் உட்கார்ந்தேன்.

"யோவ், ஏந்திரு. அது செல்விக்கு."

எழுபதுகளில் ரேடியோவில் பேய் நாடகம் வரும். ஷிஃப்ட்டில் இருந்து கேட்காமல் விட்டவர்களுக்கு மறுநாள் இதே ரயிலில் நான்தான் சொல்வேன். கதை சொல்பவருக்கு ஜன்னலோரம் என்பது எங்கள் வழக்கம். அன்றும் துண்டு போட்டவன் இதே முனுசாமிதான்.

"உன் பேயிங்கல்லாம் ரேடியோவோடயே போயிட்சிப்பா," என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை.

திருநின்றவூரில் செல்வி ஏறினாள். கம்பெனிக்குப் போகிற பெண். "நீங்களே குந்துங்க தாத்தா, நான் நின்னுகினே சொல்றேன்," என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்றைய டிவி தொடரை ஆரம்பித்தாள். மொத்தப் பெட்டியும் அவள் பக்கம் திரும்பியது. கிணற்றிலிருந்து ஒரு பெண் ஏறி வந்து முக்காட்டை விலக்குகிறாள். அதற்குள் அம்பத்தூர் வந்துவிட்டது.

"யாரும்மா அது?" என்று முனுசாமி கத்தினான்.

"நாளிக்கி சொல்றேன் தாத்தா!" என்று இறங்கிப் போய்விட்டாள்.

பேய்த் தொடர் என் வீட்டில் ஓடக்கூடாது என்று சொன்னவன் நான். அதில் மாற்றமில்லை.

ஆனால் நேற்றுப் பார்த்தவர்கள், முக்காட்டுக்குள் இருந்தது யார் என்று கீழே எழுதுங்கள். நாளை திருநின்றவூர் வருவதற்குள் நான் முனுசாமியிடம் சொல்லியாக வேண்டும்.